திறக்காத கடிதங்கள்: மனநோய்களையும் அவற்றுக்கான சிகிச்சைகளையும் விளங்கிக்கொள்வோம்

ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் சிறிய கணக்கு அலுவலகத்துக்குக் கடைப் பைகள் வந்து சேரும். வடமேற்கு லண்டனில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் எங்கள் அலுவலகம். ஜனவரி 31 வருமான வரிப் படிவத்துக்குக் கடைசி நாள். அது நெருங்கும்போது எம்மவர்கள் ஒரு வருடத்துப் பற்றுச்சீட்டுகளைப் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். அதற்குள் சில பைகளில் உறையே கிழிக்காத கடிதங்கள் இருக்கும். வரித் திணைக்களம், வங்கி, நகரசபை, சில வேளை உள்துறை அமைச்சு. பத்து, இருபது, சில பைகளில் நாற்பதுக்கும் மேல்.

தொடக்க காலத்தில் நாங்கள் ஏசுவோம். "என்ன அண்ணை, ஒரு கடிதத்தைப் பிரிச்சுப் பாக்க ஏலாதே? நூறு பவுண் தண்டம் சும்மா போகுது" என்போம். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். அப்படி ஏச்சு வாங்கிய ஒருவர் அடுத்த வருடம் வரவில்லை. பங்குனியில் அவருடைய மரண அறிவித்தலை இணையத்தில் பார்த்தோம். "அகால மரணம்" என்று இருந்தது. நெஞ்சுவலி என்று வீட்டார் சொன்னார்கள். அது நெஞ்சுவலி அல்ல என்று பல மாதங்களின் பின் தெரியவந்தது. அவர் கடைசியாகக் கொண்டுவந்த பையை நாங்கள் கணக்குப் பார்த்தோம். ஆளைப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்கவும் தொடங்கினோம். நாம் வைத்தியர் அல்ல, வணிகப் பட்டம் படித்த கணக்காளர். இங்கே எழுதுவது வைத்திய ஆலோசனைக்கு ஈடாகாது. ஆனால் வைத்தியரிடம் போவதற்கு முதல் எங்கள் வீடுகளில் ஒரு கதை நடக்கவேண்டும். அதற்கு உதவட்டும் என்றே எழுதுகிறோம். இதில் வரும் ஆட்களின் விபரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறோம்.

"விசர்" என்ற ஒரே சொல்

எங்கள் ஊரில் மனநோய்க்கு இருந்தது ஒரே சொல். விசர். ஒருவர் விசரர், இல்லையென்றால் சுகமாக இருக்கிறார். நடுவில் எதுவும் கிடையாது. ஒருவர் சாப்பிடாமல், கதைக்காமல் மூலையில் இருந்தால் "அவருக்கு யோசினை கூட" என்பதோடு கதை முடிந்துவிடும். அதனால் எம்மவர்கள் மனம் நொந்தாலும் வைத்தியரிடம் சொல்வது உடம்பைத்தான். தலையிடி, நாரிப்பிடிப்பு, நெஞ்செரிவு, உடம்பு உளைவு, நித்திரை இல்லை. இவை பொய் அல்ல. மனச் சுமையை உடம்பு உண்மையாகவே காட்டும். ஆனால் பத்து நிமிடச் சந்திப்பில் தலையிடி என்று சொன்னால் தலையிடிக் குளிசைதான் கையில் வரும்.

யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர்கள் இந்த இடைவெளியை எப்போதோ கண்டுகொண்டார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் எம் மக்களின் மனத்தில் செய்ததை 1998இல் ஆங்கிலத்தில் நூலாகவே எழுதினார். நெருக்கீடு, பதகளிப்பு, மனவடு, உளவளத்துணை என்று இன்று எங்களிடம் இருக்கும் சொற்கள் அங்கே போருக்குள் இருந்து வேலை செய்தவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. பெயர் தெரிந்தால் பயம் பாதி குறையும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மனச்சோர்வு

கவலை வேறு, மனச்சோர்வு வேறு. தாய் இறந்தால் அழுவதும், வழக்கு நிராகரிக்கப்பட்டால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதும் நோய் அல்ல. ஆனால் பெரும்பாலான நாட்களில், குறைந்தது இரண்டு வாரங்கள், மனம் இருண்டு கிடந்தாலோ முன்பு விரும்பியதில் எல்லாம் நாட்டம் போய்விட்டாலோ வைத்தியர்கள் மனச்சோர்வைப் பற்றி யோசிப்பார்கள். அதோடு நித்திரைக் குழப்பம், பசியின்மை அல்லது அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு, களைப்பு, எதிலும் கவனம் நில்லாமை, நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், இறந்தால் நல்லது என்ற நினைப்பு ஆகியவையும் சேரலாம்.

திறக்காத கடிதங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அது சோம்பல் அல்ல. உறையைக் கண்டதும் நெஞ்சு அடைக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று லாச்சிக்குள் போடுவார்கள். நாளைக்கு இன்னும் இரண்டு வரும்.

இதை அளக்க உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. பிஎச்கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரங்களில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று கேட்பார்கள். இல்லவே இல்லை என்றால் 0, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் என்றால் 3. மொத்தம் 27. 5க்குக் கீழே பயமில்லை. 5 முதல் 9 வரை இலேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரமானது, 15 முதல் 19 வரை சற்றுக் கடுமையானது, 20க்கு மேல் கடுமையானது. கணக்காளருக்குப் பிடித்த படிவம் இது. ஆனாலும் எண் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. எம்மவர்கள் பலர் வெட்கத்தில் அதற்கு 0 போட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குத்தான் உண்மை மிகவும் தேவை.

இன்னொன்று. தைரோயிட் குறைபாடு, இரத்தசோகை, விற்றமின் பி12 குறைவு போன்றவையும் இதே களைப்பையும் சோர்வையும் தரும். ஆகவே வைத்தியர் இரத்தப் பரிசோதனை கேட்டால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

பதகளிப்பு

பயம் இயற்கையானது. செல் விழும்போது பயந்து பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்கள்தான் உயிர் தப்பினார்கள். ஆனால் செல் விழாத ஊரிலும் அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் அது பதகளிப்பு நோய். பிள்ளை பாடசாலையால் பத்து நிமிடம் பிந்தினால் கெட்டது நடந்துவிட்டது என்று மனம் ஓடும். தசைகள் இறுகும், வயிறு குழம்பும், நித்திரை வராது, சின்ன விசயத்துக்கும் எரிச்சல் வரும்.

சிலருக்கு அது திடீர்ப் பீதியாக வரும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை விறைக்கும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். வழமையாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பின் தணியும். எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா இரண்டு வருடங்களில் நான்கு முறை அம்புலன்சில் போனவர். ஒவ்வொரு முறையும் இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். "ஒண்டுமில்லையாம்" என்று வீட்டில் சிரித்தார்கள். ஒன்றுமில்லாமல் இல்லை. இதயத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் நெஞ்சுவலி வந்தால் அது பதகளிப்பு என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். சலரோகமும் இதயநோயும் மலிந்த சமூகம் எங்களுடையது. முதலில் வைத்தியசாலைதான்.

மனவடு

ஓர் ஆபத்தான நிகழ்வைக் கண்டவர்களில் பெரும்பாலானோர் காலப்போக்கில் தாமாகத் தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் அந்த நிகழ்வு பழைய காலத்துக்குள் போகாது, இன்றும் நடந்துகொண்டே இருக்கும். அதைத்தான் நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோய் என்கிறார்கள். 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைநூலில் இது தனி நோயாக இடம்பெற்றது. வியட்நாம் போரில் இருந்து திரும்பிய படையினரின் நிலை அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அறிகுறிகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, மீண்டும் மீண்டும் வருதல். கெட்ட கனவு, கண்முன் படம் போல ஓடும் நினைவு. இரண்டு, தவிர்த்தல். அந்த ஊர்ப் பெயரைக் கதைப்பதில்லை, செய்தி பார்ப்பதில்லை, சொந்தத் தம்பியின் படத்தைக்கூடச் சுவரில் மாட்டவிடுவதில்லை. மூன்று, எந்நேரமும் உசாராக இருத்தல். உணவகத்தில் கதவைப் பார்த்தபடிதான் இருப்பார், சீருடையைக் கண்டால் வியர்க்கும், சத்தம் கேட்டால் துள்ளி எழும்புவார். இங்கிலாந்தில் நவம்பர் 5இல் வாணவேடிக்கை கொளுத்துவார்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அந்த இரவில் தந்தையைத் தனியே விடுவதில்லை. மே மாதமும் கார்த்திகையும் வரும்போது பலருக்கு வருத்தம் கூடும். திகதியை மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை.

நீண்டகாலம் சித்திரவதையோ தடுப்போ அனுபவித்தவர்களுக்கு இவற்றோடு வெட்கம், யாரையும் நம்ப முடியாமை, கட்டுக்கடங்காத கோபம் அல்லது எதையும் உணராத மரத்துப்போன நிலை ஆகியவையும் சேரலாம். வீட்டில் பிள்ளைகள் காண்பது அந்தக் கோபத்தை மட்டும்தான். "அப்பா ஏன் இப்பிடி?" என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்லாமலே அவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள்.

இது எவ்வளவு பரவலானது? ரொறன்ரோ வாழ் ஈழத்தமிழரிடையே மோர்ட்டன் பைசர் என்ற மனநல வைத்தியர் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்றில் சுமார் 12 சதவீதத்தினர் வாழ்நாளில் இந்த நோயை அனுபவித்திருந்தார்கள். அப்படியென்றால் எட்டுப் பேரில் ஏறத்தாழ ஒருவர். ஒரு கல்யாண வீட்டில் மேசைக்கு எட்டுப் பேர் இருந்தால் கணக்கை நீங்களே பாருங்கள்.

மதுவும் கடுமையான நோய்களும்

நித்திரைக்காக என்று தொடங்கும் குடி, சில மாதங்களில் நித்திரையையே கெடுக்கும், மனச்சோர்வையும் கூட்டும். குடிக்கிறவரை ஏசுவதற்கு முன் அவர் எதை மறக்கக் குடிக்கிறார் என்று கேட்பது பயன் தரும். ஒரு முக்கிய எச்சரிக்கை. நெடுநாளாக ஒவ்வொரு நாளும் கூடுதலாகக் குடிப்பவர் கோவிலில் சத்தியம் பண்ணிவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் துணையோடு படிப்படியாக நிறுத்தவேண்டும்.

இல்லாத குரல்கள் கேட்பது, எல்லோரும் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது, பல நாள் நித்திரையே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு காசை இறைப்பது ஆகியவை வேறு வகை. உளப்பிறழ்வு, இருதுருவ நோய் என்று சொல்லப்படும் இவற்றுக்கும் நல்ல மருந்துகள் உண்டு. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டி ஒரு வருடம் காத்திருந்தால் அந்த வருடம் பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தின்றுவிடும். நூலும் கட்டுங்கள், அதே கிழமையில் வைத்தியரிடமும் போங்கள்.

கதைத்துக் குணமாக்கும் சிகிச்சை

"கதைச்சா என்ன மாறப்போகுது?" இதுதான் எம்மவர் கேட்கும் முதல் கேள்வி. இது வெறும் ஆறுதல் கதை அல்ல, முறைப்படி பயின்றவர் நடத்தும் சிகிச்சை. அதிகம் கிடைப்பது சிபிடி எனப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை. ஒரு நிகழ்வுக்கும் எங்கள் உணர்ச்சிக்கும் நடுவில் ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தைப் பிடித்துச் சரிபார்ப்பதுதான் வேலை. கடிதம் வந்தது, "என்னைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்" என்ற எண்ணம் வந்தது, நெஞ்சு அடைத்தது, கடிதம் லாச்சிக்குள் போனது. அந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது என்று பழக்குவார்கள். வீட்டு வேலையும் தருவார்கள். இன்றைக்கு ஒரு கடிதத்தை மட்டும் பிரிப்பது, அல்லது பத்து நிமிடம் வெளியே நடப்பது.

மனவடுவுக்கு இதே சிகிச்சையின் சிறப்பு வடிவம் உண்டு. பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள், சிக்கலான நிலைக்கு அதற்கும் கூட. ஈஎம்டிஆர் என்பது இன்னொன்று. நினைவை மனத்தில் வைத்தபடி, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடரச் சொல்வார்கள். கேட்கும்போது விந்தையாக இருந்தாலும் இங்கிலாந்தின் அதிகாரபூர்வ வழிகாட்டல்கள் ஏற்றுக்கொண்ட முறை இது.

எங்கள் மக்களுக்கு நெருக்கமான முறை ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் உருவாக்கிய கதைசொல் சிகிச்சை. தரையில் ஒரு கயிற்றை விரித்து அதுதான் உங்கள் வாழ்க்கை என்பார்கள். துன்பம் நடந்த இடங்களில் கல்லும், மகிழ்ச்சி நடந்த இடங்களில் பூவும் வைக்கச் சொல்வார்கள். பின்பு பிறந்த நாளிலிருந்து வரிசையாக, ஒவ்வொரு கல்லுக்கும் நின்று, கதையைச் சொல்லவைத்து எழுதுவார்கள். சிதறிக் கிடந்த நினைவு, தொடக்கமும் முடிவும் உள்ள கதையாக மாறும். போரும் ஆழிப்பேரலையும் கண்ட வடகிழக்குப் பிள்ளைகளுக்கும் இதன் சிறுவர் வடிவம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

தொடக்கத்தில் சில கிழமைகள் வருத்தம் கூடுவது போலத் தோன்றலாம். புண்ணைக் கழுவும்போது எரிவது போல. அந்த இடத்தில்தான் எம்மவர் பலர் விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். விடுவதற்கு முன் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பார்.

குளிசைகள்

மனச்சோர்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் குளிசையும் தருவார்கள். அதிகம் எழுதப்படுவது செர்ட்ரலின், சிற்றலோபிராம், ஃபுளுவொக்செற்றின் போன்றவை. பதகளிப்புக்கும் மனவடுவுக்கும் இவற்றில் சில உதவும்.

எங்கள் வீடுகளில் கேட்கும் கேள்விகளுக்கு நாம் விளங்கிக்கொண்ட பதில்கள் இவை.

எப்போது வேலை செய்யும்? தலையிடிக் குளிசை போல அரை மணித்தியாலத்தில் அல்ல. 2 முதல் 4 வாரங்கள், சிலருக்கு 6 வாரங்களும் ஆகலாம். பக்கவிளைவோ முதல் நாளே வந்துவிடும். குமட்டல், வயிற்றுக் குழப்பம், நித்திரை மாற்றம், சிலருக்குத் தாம்பத்திய உறவில் நாட்டம் குறைதல். முதல் கிழமையில் தீமை மட்டும் தெரியும், நன்மை தெரியாது. பலர் குளிசையைக் குப்பையில் போடுவது அந்தக் கிழமையில்தான். குமட்டல் போன்றவை பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வேறு குளிசைக்கு மாற்றலாம். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூட இடமிருப்பதால் வைத்தியரும் வீட்டாரும் கூடிய கவனம் எடுக்கவேண்டும்.

அடிமையாகிவிடுவோமா? மதுவைப் போல இன்னும் இன்னும் வேண்டும் என்று கேட்கும் மருந்து அல்ல இது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் மின்னல் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். அதனால் அளவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். அடிமையாக்கக் கூடியது வேறொன்று. டயசிபாம் போன்ற அமைதிக் குளிசைகள். அவற்றைச் சில வாரங்களுக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. ஊரில் இருந்து வரும் உறவினர் கையில் கொடுத்துவிடும் நித்திரைக் குளிசையைத் தயவுசெய்து தவிருங்கள்.

எவ்வளவு காலம்? சுகம் வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். சுகம் வந்த அன்றே நிறுத்தினால் நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம். வேறு மருந்துகள், நோவுக் குளிசைகள், மூலிகை மருந்துகள் எடுத்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். சில, ஒன்றோடொன்று ஒத்துவராது.

இதை எழுதும் நாமும் அந்தக் குளிசையை ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தோம். 2009இன் பின் நித்திரை போய், கணக்கில் கூட்டல் பிழை விடத் தொடங்கியபோது, வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனது வீட்டுக்காரிதான். குளிசைப் பெட்டியைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்த எவரும் காணவில்லை. பல வருடங்கள் கழித்துத்தான், அதே காலத்தில் அதே குளிசையை அடுத்த தெருவில் ஒரு நண்பரும் ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது. இருவரும் சிரித்தோம். அந்த நாளிலேயே கதைத்திருந்தால் இருவருக்கும் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

எப்படிப் போவது?

எந்த நாட்டில் இருந்தாலும் முதற்படி குடும்ப வைத்தியர். இங்கிலாந்தில் ஜீபியிடம் பதிவதற்கு விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. வழக்கு முடியாதவர்களும் பதியலாம். மனச்சோர்வு, பதகளிப்பு, மனவடு ஆகியவற்றுக்கான தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு ஜீபி இல்லாமலே நீங்களாக விண்ணப்பிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம். முன்கூட்டியே கேட்கவேண்டும். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, "அம்மாவுக்குச் சாகவேணும் போல இருக்காம்" என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டி வந்ததை நாம் அறிவோம். மொழிபெயர்ப்பாளர் தெரிந்த ஆளாக இருந்துவிடுவாரோ என்று பயந்தால், தொலைபேசி வழியாக வேறு ஊர்க்காரரைக் கேட்கலாம். ஆணா பெண்ணா என்பதையும் சொல்லலாம். உங்களுக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து என்று கருதினால் தவிர, வைத்தியரிடம் சொல்வது வெளியே போகாது.

போகும்போது ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை, சாப்பாடு எப்படி, எதைச் செய்யமுடியாமல் போனது, சாவு எண்ணம் உண்டா. தலையிடியை அதன் பிறகு சொல்லுங்கள்.

எங்கள் தொழில் சார்ந்த மூன்று விசயங்களையும் சேர்த்துச் சொல்கிறோம். முதலாவது, மனநோய் காரணமாக வரிப் படிவம் பிந்தினால் அதை நியாயமான காரணமாகக் காட்டித் தண்டத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். வைத்தியரின் கடிதம் உதவும். இரண்டாவது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் கடன்காரருக்கு மூச்சுவிடும் கால அவகாசம் சட்டத்தில் உண்டு. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாட்களுக்குப் பெரும்பாலான கடன்களின் வட்டியும் அறவிடும் நடவடிக்கையும் நிற்கும். கடுமையான மனநெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவருக்கு, அந்தச் சிகிச்சை முடிந்து மேலும் 30 நாள் வரை அது நீடிக்கும். மூன்றாவது, ஆயுள் காப்புறுதிப் படிவத்தில் மனநோயை மறைக்காதீர்கள். சொன்னால் கட்டணம் சற்றுக் கூடலாம். மறைத்தால் குடும்பத்துக்குத் தேவைப்படும் நாளில் காசே வராமல் போகலாம்.

வீட்டார் செய்யக்கூடியது

"உனக்கு என்ன குறை? ஊரில சனம் படுற பாட்டைப் பார்" என்று சொல்லாதீர்கள். அது நோயோடு குற்ற உணர்ச்சியையும் சேர்க்கும். பக்கத்தில் இருங்கள். சேர்ந்து நடங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். வைத்தியரின் நேரத்தை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். கோவிலும் தேவாலயமும் ஊர்ச் சங்கமும் தனிமையை உடைக்கும் இடங்கள்தான். அவை சிகிச்சைக்குத் துணை நிற்கட்டும். சிகிச்சையின் இடத்தை எடுக்கவேண்டாம்.

சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரே கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. கேட்டால் பலருக்கு ஆறுதல்தான் வருகிறது. "ஓம்" என்று பதில் வந்தால் ஆளைத் தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் அந்தந்த நாட்டின் அவசர இலக்கத்தை அழையுங்கள். இங்கிலாந்தில் 999. அவசரம், ஆனால் உயிராபத்து உடனே இல்லை என்றால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிப் பிரிவு கிடைக்கும். கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்றால் பிரித்தானியாவில் 116 123, கனடாவில் 988, பிரான்சில் 3114, சுவிற்சர்லாந்தில் 143, ஜெர்மனியில் 0800 111 0 111, நோர்வேயில் 116 123, நெதர்லாந்தில் 113, அவுஸ்திரேலியாவில் 13 11 14. இந்த இலக்கங்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். யாருக்காக என்று வீட்டில் சொல்லத் தேவையில்லை.

இந்த ஜனவரியும் பைகள் வந்தன. உறை பிரிக்காத கடிதங்களும் வந்தன. இப்போது நாங்கள் ஏசுவதில்லை. தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கணக்கைத் தொட முதல் ஒரு கேள்வி கேட்கிறோம்.

"நித்திரை எப்பிடி, அண்ணை?"

சிலர் "பரவாயில்லை" என்பார்கள். சிலர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லமாட்டார்கள். காத்திருப்போம். பிறகு முதல் கடிதத்தை இருவருமாகச் சேர்ந்து பிரிப்போம்.